மொட்டைமாடியில் உதிர்ந்த மெய்யெழுத்துகள்

1898 ஜூலை 5. நியூயார்க் நகரில் பிராட்வேயும் 39-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த கசினோ தியேட்டர். இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. கட்டடத்தின் உச்சியில், திறந்தவெளி மேடைக்கு முன்னால் ஏறக்குறைய ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 29 வயது இசையமைப்பாளர் வில் மரியன் குக் வாத்தியக் குழுவின் முன் நின்று கையை உயர்த்துகிறார். 26 பேர் சேர்ந்து தொடக்கப் பாடலை எடுக்கிறார்கள். அந்தப் பாட்டு முடிவதற்குள் மொட்டைமாடியில் நிற்க இடமில்லை. கீழே உள்ள அரங்கில் அப்போதுதான் நாடகம் விட்டிருந்தது. வீட்டுக்குக் கிளம்பிய கூட்டம், மேலேயிருந்து வந்த குரல்களைக் கேட்டதும் லிஃப்டுகளை நோக்கித் திரும்பிவிட்டது. குக் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அன்று நடந்தது 'குளோரிண்டி' என்ற ஓரங்க ஓபரெட்டா. ஓபராவின் தங்கை என்று ஓபரெட்டாவைச் சொல்லலாம். ஓபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. ஓபரெட்டாவில் பாட்டுக்கு நடுவே வசனமும் வரும். பாடல்களையும் வசனத்தையும் எழுதியவர் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார். பிராட்வேயில் முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களே நடித்த முதல் இசை நாடகங்களுள் ஒன்றாக வரலாற்றில் இடம்பெற்றது அது. குக் பெர்லினில் வயலின் பயின்றவர். ஆனால் அந்தக் காலத்து மேடை கறுப்பர்களைக் கேலிச் சித்திரமாகப் பார்க்கவே பழகியிருந்தது. அந்தக் கறை குளோரிண்டியின் பாட்டு வரிகளிலும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

அறிவியலுக்கு இதில் ஒரு விஷயம் கிடைக்கிறது. டன்பார் எழுதிய வசனங்களில் பெரும்பகுதியை மேடையேற்றும் முன்பே வெட்டிவிட்டார்கள். நடுராத்திரியில், திறந்தவெளி மாடியில் வசனம் பேசினால் யாருக்கும் காதில் விழாது என்பது காரணம். வசனம் மேடைக்கு எதிரே இருப்பவருக்கே கேட்காது. பாட்டோ கீழே வாசலில் நிற்பவரையும் இழுத்து வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன, கடந்து போகும் காற்றும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

மொட்டைமாடிக்கு ஏன் போனார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெக்கைதான் காரணம். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் நியூயார்க்கின் அரங்குகள் கோடையில் கதவைச் சாத்திவிடும். கசினோவை நடத்திய ருடால்ஃப் ஆரன்சன் 1883-இல் கூரைமேல் தோட்டம் போட்டு, விளக்குக் கட்டி, இசைக் கச்சேரிகளை அங்கே நடத்தத் தொடங்கினார். மற்ற அரங்குகளும் பின்தொடர்ந்தன. 1925-இல் ரிவோலி தியேட்டரில் கேரியர் நிறுவனத்தின் குளிர்சாதனம் ஓடத் தொடங்கியபோது அந்த மாடிகளின் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

குளோரிண்டி மேடையேறிய அதே 1898-இல், பாஸ்டனுக்கு அருகே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர் ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூட விரிவுரை அரங்கில் பேசினால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. காலியான அரங்கில் எழுப்பிய ஒலி அடங்க ஐந்தரை விநாடிக்கு மேல் ஆனது. முதல் சொல் அடங்குவதற்குள் பத்துச் சொற்கள் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டன. சபைன் இரவில் வேலை செய்தார். பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ஊர் அடங்கிய பிறகு தூக்கி வந்து அடுக்குவார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்துவார். ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் விடை கிடைத்தது. அரங்கின் கன அளவு கூடினால் எதிர்முழக்கம், அதாவது ஒலி அடங்க ஆகும் நேரம், நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். கட்டட ஒலியியல் என்ற துறையே இதிலிருந்துதான் பிறந்தது.

உறிஞ்சுவதை அளக்க ஓர் அலகு வேண்டுமே. சபைன் தேர்ந்தெடுத்தது திறந்த ஜன்னல். அதன் வழியே வெளியே போன ஒலி திரும்பி வராது. ஆக, முழு உறிஞ்சல் அதுதான். மெத்தை, திரை, மரப்பலகை, மனித உடல் என எல்லாவற்றையும் இத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று கணக்கிட்டார்.

இப்போது மொட்டைமாடியில் நின்று பாருங்கள். நாலு பக்கமும் திறந்த ஜன்னல், தலைக்கு மேலேயும் திறந்த ஜன்னல். ஒலியைத் திருப்பித் தருவது காலடியில் உள்ள தளமும், இருந்தால் மேடைக்குப் பின்னே ஒரு சுவரும் மட்டும்தான். ஓபரா அரங்குகளில் எதிர்முழக்கம் பொதுவாக 1.2 முதல் 1.6 விநாடி வரை இருக்கும். பாடகரின் குரல் சுவர்களில் பட்டுப் பட்டு வந்து, நேரே வரும் ஒலியோடு சேர்ந்து, கடைசி வரிசை வரை ஏறத்தாழ ஒரே வலிமையில் நிற்கும். மாடியில் அந்தத் துணை கிடையாது. குரல் ஒரு முறை நம்மைக் கடந்து போனால் போனதுதான். பாடுகிறவருக்கும் தன் குரல் திரும்பி வந்து சேராது. சத்தத்துக்கு நடுவே தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதபோது மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார். இதற்கு லொம்பார் விளைவு என்று பெயர். அனுபவமில்லாத பாடகருக்குத் திறந்தவெளியில் அரை மணி நேரத்தில் தொண்டை கட்டிப்போவது இப்படித்தான்.

இனி கணக்குக்கு வருவோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். இருவர் சாதாரணமாகப் பேசுவது ஒரு மீட்டரில் 60 டெசிபெல். அது 2 மீட்டரில் 54, நாலில் 48, எட்டில் 42. மாநகர மாடியில் இரவில்கூட 50 டெசிபெல் இரைச்சல் சாதாரணம். ஆக, நாலாவது மீட்டரிலேயே பேச்சு இரைச்சலுக்குள் மூழ்கத் தொடங்கிவிடுகிறது. நடிகர் தொண்டையை உயர்த்தி 75-இல் பேசினாலும் 16 மீட்டரில் 51-தான் மிஞ்சும். பயிற்சி பெற்ற ஓபரா பாடகரின் குரலோ ஒரு மீட்டரில் 100 டெசிபெலைத் தொடும். 32 மீட்டர் தள்ளியும் அது 70-இல் நிற்கும்.

அளவு மட்டும் காரணமில்லை. பேச்சின் பொருளைத் தாங்குவது மெய்யெழுத்து. படம், பழம், பணம், பலம் என்று சொல்லிப் பாருங்கள். உயிரொலி நான்கிலும் ஒன்றேதான். நடுவில் வரும் ஒரு மெய்தான் அவற்றை நாலு சொல்லாகப் பிரிக்கிறது. ஆனால் அந்த மெய்யில் ஆற்றல் மிகக் குறைவு, ஆயுளும் குறைவு. மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியர் கருவி எதுவும் இல்லாமல், கேட்டே வகுத்து வைத்தார். மாடியில் இரைச்சல் முதலில் தின்பது இந்த அரை மாத்திரையைத்தான். உயிர் நிற்கும், மெய் உதிரும். ஏதோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. டன்பாரின் வசனத்தை வெட்டியவர்களுக்கு இலக்கணம் தெரிந்திருக்காது, ஆனால் மேடை தெரிந்திருந்தது.

பாட்டு என்ன செய்கிறது? உயிரை நீட்டுகிறது. நம் மொட்டைமாடியிலிருந்து தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் அம்மாவைக் கவனியுங்கள். பக்கத்தில் இருந்தால் "முருகா". தெருக்கோடியில் இருந்தால் "முருகாஆஆஆ". தொலைவில் உள்ளவரை விளிக்கும்போது எழுத்து தன் மாத்திரையைக் கடந்து நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபு சொல்கிறது. ஒலி தொலைவு போக வேண்டுமானால் உயிரை நீட்டு என்ற இந்த அறிவில்தான் ஓபராவும் நிற்கிறது. நம் ஊரில் மைக் வருவதற்கு முன் நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உயர்ந்த கட்டையில் நீட்டிப் பாடிக் கடைசி வரிசையைத் தொட்டதும் இதே வழியில்தான்.

ஓபரா பாடகரிடம் இன்னொரு வித்தையும் உண்டு. நாற்பது ஐம்பது வாத்தியங்கள் முழங்கும்போது ஒற்றைக் குரல் எப்படித் தனியாகக் கேட்கிறது என்பதை ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் ஆராய்ந்து விளக்கினார். வாத்தியக் குழுவின் ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் அருகே உச்சத்தில் இருக்கும், பிறகு சரிந்துகொண்டே போகும். பயிற்சி பெற்ற ஆண் பாடகரின் குரலிலோ 3000 ஹெர்ட்ஸை ஒட்டி இன்னொரு மேடு எழுகிறது. குரல்வளையைக் கீழே இறக்கி, அதற்கு மேலுள்ள தொண்டையை அகலமாக விரிக்கிறார்கள். தொண்டைக் குழியின் பரப்பு குரல்வளைக் குழலின் வாயைப்போல் ஆறு மடங்காகும்போது, அந்தக் குட்டிக் குழல் தனியாகவே ஒத்ததிரத் தொடங்கும். வாத்தியங்கள் விட்டுவைத்த இடத்தில் குரல் போய் உட்கார்ந்துகொள்கிறது. கேட்பவரின் செவிக்குழலும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதுவும் 3000 ஹெர்ட்ஸ் அருகேதான் ஒத்ததிரும். தொண்டையும் காதும் ஒன்றுக்கொன்று அளவெடுத்ததுபோல் இருக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

மாநகர இரைச்சலைப் பாருங்கள். எஞ்சின் உறுமல், ஏசி யூனிட்களின் முனகல் எல்லாம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. 3000-இல் நகரம் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. அந்த இடைவெளிதான் மாடிப் பாடகரின் பாதை.

பெண் குரலின் உச்ச ஸ்தாயி வேறு கதை. சொப்ரானோ என்ற உச்சக்குரல் பாடகி 1000 ஹெர்ட்ஸைத் தொடும்போது வாயை அகலத் திறந்து, வாயின் ஒத்ததிர்வையே சுருதிக்கு ஏற்ப உயர்த்திக்கொள்கிறார். அதனால் குரல் பெருகுகிறது. ஆனால் அந்த உயரத்தில் 'ஈ'யும் 'ஊ'வும் 'ஆ'வும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். அங்கே மெய் மட்டுமல்ல, உயிரின் அடையாளமும் கரைந்துவிடுகிறது. மொழி தெரிந்தவருக்கே அந்த இடத்தில் சொல் பிடிபடாது. கதையை முன்னாலேயே படித்துவிட்டுப் போவது அந்த மொழிக்காரர்களுக்கும் வழக்கம்தான்.

சரி, குக்கின் 26 பேரின் குரல் கீழே எப்படிக் கேட்டது? 26 குரல் சேர்ந்தால் ஒற்றைக் குரலைவிட 14 டெசிபெல் கூடும். அதோடு 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். இந்த அளவுள்ள அலை கைப்பிடிச் சுவரின் விளிம்பிலும் படிக்கட்டுத் திருப்பத்திலும் வளைந்து இறங்கும். 3000 ஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 11 சென்டிமீட்டர்தான். அது டார்ச் வெளிச்சம்போல் நேரே போகும், எளிதில் வளையாது. ஆகவே கீழே போனது குரல்களின் திரட்சி. சொற்கள் மேலேயே நின்றுவிட்டன. சொல் புரியாமலேயே அந்தக் கூட்டம் லிஃப்டுக்குத் திரும்பியிருக்கிறது என்பது என் ஊகம்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. தரைக்கு அருகே காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். பாடகர் பக்கமிருந்து நம் பக்கம் வீசினால் ஒலி நம்மை நோக்கிக் கீழே வளையும். எதிர்த்து வீசினால் மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும். பத்து மீட்டரில் இந்த வித்தியாசம் தெரியாது. பெரிய திடல்களில் நன்றாகத் தெரியும்.

இன்று மாடியில் ஓபரா நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பீக்கரை நாடுகிறார்கள். பெரிய இடத்துக்கு வேறு வழியில்லை. ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் ஏரி மேடைக்கு முன்னால் சுமார் 7,000 இருக்கைகள். ஒலி 34 மீட்டர் கடக்க 0.1 விநாடி ஆகும். மின்கம்பி வழியே போவது உடனே போய்விடும். முதலில் எந்தத் திசையிலிருந்து கேட்கிறதோ அங்கேதான் பாடகர் நிற்கிறார் என்று காது முடிவுகட்டும். ஆகவே ஸ்பீக்கர் ஒலியைத் தாமதப்படுத்தி, பாடகர் நிற்கும் இடத்திலிருந்தே குரல் வருவதுபோல் அங்கே அமைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் நூறு பேர் உட்காரும் மாடிக்கு இது தேவையில்லை. தொண்டைக்குள் கட்டிய அந்த 3000 ஹெர்ட்ஸ் மேடு, இரைச்சலை விலக்கிக்கொண்டு இயந்திரத்தின் துணையில்லாமல் நம் செவிக்குழலுக்கு வந்து சேருவதைக் கேட்பதற்காகத்தானே மாடி ஏறுகிறோம்?

அப்படி ஒரு மாலைக்குப் போக வாய்த்தால் பாடகருக்கு நேர் எதிரே, பதினைந்து மீட்டருக்குள் உட்காருங்கள். அந்த உயர் அதிர்வெண் முன்பக்கமாகத்தான் பாயும், பக்கவாட்டில் தேயும். நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேடையை ஒரு சுவரை ஒட்டிப் போடுங்கள், மாடியில் ஓடும் ஏசி யூனிட்களை அந்த ஒரு மணி நேரம் நிறுத்திவையுங்கள், ஒரு பாட்டையாவது மைக் இல்லாமல் பாடச் சொல்லுங்கள்.