புரொபேஷனில் வேலையை விட்டால் சம்பளம் போய்விடுமா?

மைசூரு நகரின் பழைய பேட்டைகளில் மண்டி மொஹல்லாவும் ஒன்று. மண்டி என்றால் மொத்த வியாபாரக் கடை. மொஹல்லா என்றால் பேட்டை. கன்னடமும் உருதுவும் தமிழும் ஒரே தெருவில் கேட்கும் இடம். கடையில் கணக்கு எழுதுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஒர்க்‌ஷாப் பையன்கள் ஆகிய எல்லோருடைய வீட்டிலும் என்றாவது ஒரு நாள் "துபாய்க்குப் போனால் என்ன?" என்ற பேச்சு எழத்தான் செய்கிறது.

புறப்படுகிறவர்கள் பலவற்றையும் கேட்டுக்கொள்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு உண்டா, தங்க இடம் உண்டா, ஓவர்டைம் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். "பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது?" என்று மட்டும் கேட்பதில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அபசகுனமாகப் பேசாதே என்று வீட்டுப் பெரியவர்களும் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

ஆனால் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் பலரை இரண்டாவது மாதமே வந்து பிடித்துக்கொள்கிறது. குமாஸ்தா வேலை என்று சொல்லி அழைத்துப்போய் கிடங்கில் பெட்டி தூக்கச் சொல்கிறார்கள். எட்டு மணி நேரம் என்றது பன்னிரண்டு ஆகிறது. திரும்பிப் போகிறேன் என்றால், "தம்பி, நீ இன்னும் புரொபேஷனில் இருக்கிறாய். இப்போது போனால் ஒரு காசு கிடையாது, விசா செலவையும் கட்டிவிட்டுப் போ" என்று பதில் வருகிறது. பையன் அதை நம்பிவிடுகிறான். ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான். அல்லது இரவோடு இரவாக ஓடிவிடுகிறான். இரண்டும் வேண்டாத காரியம்.

உழைத்த நாளுக்குக் கூலி உண்டு

புரொபேஷன் எனப்படும் தகுதிகாண் காலம், முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் சோதித்துப் பார்க்கும் காலம். அந்தக் காலத்தில் விலகினால் சில சலுகைகள் கிடைக்காது என்பது உண்மை. கிராச்சுட்டி எனப்படும் பணிக்கொடை ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு பூர்த்தியான பிறகே உண்டு. விலகுகிறவன் தானாகவே போவதால் திரும்பும் டிக்கெட் அவன் தலையில் விழவும் கூடும்.

ஆனால் உழைத்து முடித்த நாட்களின் சம்பளம் வேறு. அது சலுகை அல்ல, கடன். முதலாளி தொழிலாளிக்குப் பட்ட கடன். புரொபேஷனில் விலகினான் என்பதற்காக அதை அப்படியே விழுங்கிவிட இங்கே கூறப்படும் எந்த நாட்டின் சட்டத்திலும் இடம் இல்லை. நோட்டீஸ் எத்தனை நாள், பணம் எத்தனை நாளில் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

எந்த நாட்டில் என்ன விதி?

துபாய், அபுதாபி, ஷார்ஜா முதலியவை அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. புரொபேஷன் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. விலகி ஊர் திரும்ப விரும்புகிறவர் 14 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும். அங்கேயே வேறு கம்பெனிக்கு மாற விரும்பினால் ஒரு மாத நோட்டீஸ். முதலாளி நிறுத்துவதானாலும் 14 நாள் நோட்டீஸ் உண்டு. வேலை முடிந்த 14 நாட்களுக்குள் பாக்கி முழுவதையும் தீர்த்துவிட வேண்டும். நோட்டீஸ் தராமல் நாட்டைவிட்டுப் போனவருக்கு ஓராண்டு வரை அங்கே மறுபடி வேலை அனுமதி கிடைக்காது.

சவூதி அரேபியாவில் 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி புரொபேஷன் அதிகபட்சம் 180 நாள். அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே. முதலாளி நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள்ளும், தொழிலாளி விலகினால் இரண்டு வாரத்துக்குள்ளும் கணக்குத் தீர்க்க வேண்டும். தகுந்த காரணமின்றித் தானாகத் திரும்புகிறவர் பயணச் செலவைத் தாமே ஏற்க நேரிடும்.

கத்தாரிலும் புரொபேஷன் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அங்கேயே வேறிடம் மாறுகிறவர் ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும். ஊர் திரும்புகிறவருக்கு ஒப்பந்தத்தில் கண்ட நோட்டீஸ்; அது இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. வேலை முடிந்தால் மறுநாளே சம்பளம் தரவேண்டும். நோட்டீஸ் தராமல் விட்டுப்போனவருக்குக்கூட ஏழு நாட்களுக்குள் தரவேண்டும் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது.

குவைத்தில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி புரொபேஷன் 100 வேலை நாள். அதற்குள் எந்தத் தரப்பும் நோட்டீஸ் இல்லாமலே முடித்துக்கொள்ளலாம். முதலாளியே நிறுத்தினால் வேலை செய்த காலத்துக்குரிய பணிக்கொடையும் உண்டு.

சிங்கப்பூரில் நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தில் எழுதியபடி. எதுவும் எழுதியிராவிட்டால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஒரே நாள் நோட்டீஸ் போதும். நோட்டீஸ் கொடுத்து அதன்படி வேலை செய்து விலகினால் கடைசி நாளிலேயே சம்பளம். கொடுக்காமல் விலகினால் ஏழு நாட்களுக்குள்.

வீட்டு வேலைக்காரர்கள், டிரைவர்கள் ஆகியோருக்குப் பல வளைகுடா நாடுகளில் தனிச் சட்டம் இருக்கிறது. அவர்கள் மேற்கண்ட விதிகள் தங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாமல், தங்கள் ஒப்பந்தத்தைத் தனியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஓடிப்போனால் எவ்வளவு நஷ்டம்?

துபாயில் மாதம் 1,800 திர்ஹம் சம்பளத்தில் ஒருவர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 60 திர்ஹம். முதல் மாதச் சம்பளம் வாங்கிவிட்டார். அதற்குமேல் 20 நாள் வேலை செய்திருக்கிறார். வரவேண்டிய பாக்கி 1,200 திர்ஹம்.

அவர் முறைப்படி நோட்டீஸ் எழுதிக்கொடுத்து, 14 நாளும் வேலை செய்தால் இன்னும் 840 சேர்ந்து 2,040 திர்ஹம் கைக்கு வரவேண்டும். சொல்லாமல் போய்விட்டால், நோட்டீஸ் நாட்களுக்கு ஈடாக 840 திர்ஹமை முதலாளி கேட்கலாம். அப்போது மிஞ்சுவது 360 திர்ஹம்தான். அந்த 360-ஐக் கேட்டு வாங்கவும் ஆள் அங்கே இருக்கமாட்டார்.

சவூதியில் ஓடிப்போனவர் மீது முதலாளி கொடுக்கும் புகாரை "ஹுரூப்" என்பார்கள். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லாமல் போய்விடுகிறது. ஊருக்குத் திரும்புவதே பெரும்பாடாகிவிடுகிறது. சட்டம் தந்த உரிமையைத் தொழிலாளி தன் காலாலேயே உதைத்துவிட்டுப் போவதற்குச் சமம் இது.

"விசா செலவைக் கட்டு" என்றால்

இந்த மிரட்டல் தமிழனுக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில், தொழிலாளியின் கையில் "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. அவன் தோட்டத்துக்குப் பட்டிருக்கும் கடன் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டும் இன்னொரு தோட்டம் கிடைத்தாலொழிய அவன் நகர முடியாது. 1921-ல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழிந்தும் அதன் வாசனை போகவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? அமீரகத்தில் ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதும் குற்றமே. புரொபேஷனிலேயே அங்கே வேறு கம்பெனிக்கு மாறினால், பழைய முதலாளியின் ஆள் சேர்ப்புச் செலவை ஈடுசெய்ய வேண்டியது புதிய முதலாளி. கத்தாரிலும் அப்படியே, அங்கே அந்தத் தொகை இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. சவூதியிலும் ஆள் சேர்ப்புக் கட்டணமும் இகாமா கட்டணமும் முதலாளியின் பொறுப்பே.

எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்

2020-ல் கொரோனா நோய் பரவியபோது, மே மாதம் முதல் "வந்தே பாரத்" விமானங்களில் லட்சக்கணக்கானோர் தாயகம் திரும்பினார்கள். அவர்களில் பலருக்குச் சம்பள பாக்கி இருந்தது. கையில் ஒரு சீட்டும் இல்லாமல் விமானம் ஏறியதால், பின்னர் கேட்க வழி தெரியாமல் தவித்தவர்கள் அநேகர். அந்தப் பாடம் புரொபேஷனில் விலகுகிறவருக்கும் பொருந்தும்.

விலகல் கடிதத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தோ, செல்போனில் ஒரு செய்தியோ வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் நகல், சம்பளச் சீட்டு, பாங்கிக் கணக்கு விவரம், வேலைக்கு வந்த நாட்களின் குறிப்பு ஆகியவற்றை வீட்டாருக்கும் அனுப்பி வைப்பது உத்தமம். "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற காகிதத்தில் பணம் கைக்கு வருமுன் கையெழுத்துப் போடவே கூடாது. அரபு மொழியில் இருக்கிறது என்பதற்காகப் படிக்காமல் போடுகிறவர்கள் உண்டு.

பணம் வராவிட்டால் அந்த நாட்டில் இருக்கும்போதே தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வேண்டும். அமீரகத்தில் 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளை 2024 ஜனவரி முதல் தொழிலாளர் அமைச்சகமே தீர்க்கிறது. வேலை முடிந்த இரண்டு ஆண்டு வரை கேட்கலாம். இந்தியத் தூதரகமும் உண்டு. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" என்ற இணையதளத்தில் ஊரிலிருந்தபடியே குடும்பத்தாரும் புகாரைப் பதிவு செய்யலாம். திக்கற்றவர்களின் பயணச் செலவுக்கு உதவ 2009-ல் ஏற்படுத்தப்பட்ட இந்தியர் நல நிதி தூதரகங்களில் இருக்கிறது.

புறப்படுமுன்

பாஸ்போர்ட்டுக்காகப் பெங்களூருவுக்கு அலைய வேண்டிய கஷ்டம் மைசூருவாசிகளுக்குக் குறைந்துவிட்டது. நாட்டிலேயே முதல் தபாலாபீஸ் பாஸ்போர்ட் மையங்களில் ஒன்று 2017 ஜனவரியில் இந்த நகரில்தான் திறக்கப்பட்டது. பாஸ்போர்ட் வாங்குவதில் காட்டும் சிரத்தையை ஏஜெண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்டவேண்டும்.

1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் மட்டுமே. அதற்கு ரசீது தரவேண்டும். சந்தேகம் இருந்தால் பெங்களூருவில் உள்ள குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த அலுவலகத்தின் அனுமதி அவசியம். அப்படிப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதீய பீமா என்ற 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸில், ஒப்பந்தத்துக்கு மாறான வேலை கொடுத்ததால் திரும்ப நேர்ந்தால் விமானக் கட்டணம் பெறவும் வழி இருக்கிறது.

பல பையன்களைக் கட்டிப்போடுவது அங்கேயுள்ள முதலாளியைவிட இங்கே வாங்கிய வட்டிக் கடன்தான். நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போனவனால், உரிமை இருந்தாலும் வாய் திறக்க முடிவதில்லை. ஆகவே, பெட்டி கட்டும் முன் வீட்டார் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படிக்கட்டும்: புரொபேஷன் எத்தனை மாதம், நோட்டீஸ் எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் யாருடையது? இதைக் கேட்பதில் அபசகுனம் ஏதும் இல்லை.