முகச் சுருக்கமும் ஊசி மருந்தும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒருநாள், இலண்டன் மாநகரில் குடியிருக்கும் என் தங்கை தொலைபேசியில் என்னை அழைத்தாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. நலம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கிவிட்டு, "அக்கா, மூக்கின் இருபுறமும் வாய் வரையில் கோடு விழுந்துவிட்டது, கன்னமும் ஒட்டிப்போய்விட்டது. எங்கள் தெருமுனை அழகு நிலையத்தில் ஊசி போட்டு இதைச் சரிசெய்கிறார்கள். மூக்கையும் எடுப்பாக்கலாம் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?" என்று வினவினாள்.

நான் முப்பது ஆண்டுகள் மருத்துவத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவள். ஆயினும் தோல் மருத்துவத்தில் தனித் தேர்ச்சி பெற்றவள் அல்லேன். ஆகவே உடனே விடை கூறாமல், "ஒரு வாரம் பொறு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். இக்கேள்வி இலண்டனில் மட்டும் எழுவதன்று. நம் ஊர்களிலும் பல வீடுகளில் மெல்லிய குரலில் கேட்கப்படுகின்றது.

முதலில், முகத்தில் கோடு ஏன் விழுகின்றது என்று பார்ப்போம். நம் தோலுக்கு உறுதியைத் தருவது கொலாஜன் என்னும் நார்ப்பொருள். வயது ஏற ஏற அது குறைகின்றது. வெயில் அக்குறைவை விரைவுபடுத்துகின்றது. தோலுக்கு அடியில் மெத்தைபோல் அமைந்துள்ள கொழுப்பு சில இடங்களில் வற்றுகின்றது. முக எலும்பும் சிறிது தேய்கின்றது. உள்ளே தாங்குவது குறைந்ததும் மேலே உள்ள தோல் தளர்ந்து மடிகின்றது. வாயின் இருபுறமும் விழும் மடிப்பு பெரும்பாலும் இவ்வாறு உண்டாவதே.

இம்மடிப்பின் அடியில் ஒரு பொருளை ஊசியால் செலுத்தி, குறைந்த பருமனை ஈடு செய்வதே இச்சிகிச்சை. அப்பொருளை 'ஃபில்லர்' என்று அழைக்கிறார்கள்; நாம் நிரப்பு மருந்து என்று சொல்லலாம். இதையும் 'போடாக்ஸ்' என்னும் ஊசியையும் என் தங்கை ஒன்றென்றே எண்ணியிருந்தாள். அவை வேறு வேறு. போடாக்ஸ் தசையின் இயக்கத்தைத் தற்காலிகமாகத் தளர்த்துவது. நெற்றியைச் சுருக்கும்போது விழும் கோடுகளுக்கு அது பயன்படுகின்றது. நிரப்பு மருந்தோ பள்ளத்தை மேடாக்குவது. இரண்டும் முதுமையை நிறுத்துவன அல்ல.

பள்ளத்தை நிரப்பும் ஆசை புதியதன்று. 1899இல் வியன்னா நகரில் ராபர்ட் கெர்சுனி என்னும் அறுவை மருத்துவர் வாசலைனை உடலில் ஊசி வழியே செலுத்தினார். அதன்பின் பாரபின் மெழுகை முகத்தில் செலுத்தும் வழக்கம் சில ஆண்டுகள் பரவியது. முதலில் எல்லாம் அழகாகவே தோன்றிற்று. பின்னர் மெழுகு இடம் பெயர்ந்தது, கட்டிகள் தோன்றின, தோல் புண்ணாயிற்று. உள்ளே சென்றதை வெளியே எடுக்க வழியில்லை. பிற்காலத்தில் திரவச் சிலிகோனைச் செலுத்தியவர்களுக்கும் பல ஆண்டுகள் கழிந்த பின்னர் இத்தகைய துன்பமே நேர்ந்தது. 1981இல் மாட்டுத் தோலினின்று எடுத்த கொலாஜனுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது சில மாதங்களில் கரைந்துவிடும். ஆனால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும் என்பதால், முன்கூட்டியே கையில் சோதனை ஊசி போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்று மிகுதியாகப் பயன்படுவது ஹயலுரோனிக் அமிலம் என்னும் பொருள். அமிலம் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அது நம் உடலிலேயே உள்ளது. 1934இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர் மாட்டின் கண்ணினுள் இருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஒட்டியே அதற்குப் பெயரும் இட்டனர். நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறத்தாழ 15 கிராம் அளவு இருக்கும் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உண்டாகும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு விரைவில் சிதைவதை அப்படியே ஊசியில் ஏற்றினால் பயனில்லை. ஆகவே அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிப் பிணைத்துக் கட்டியான கூழாக்குகிறார்கள். அது இடத்துக்கும் மருந்தின் வகைக்கும் ஏற்ப ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை பயன் தருகின்றது. சிலருக்கு இன்னும் நெடுநாள் உள்ளே தங்குவதும் உண்டு. ஒரு குழல் மருந்து என்பது ஒரு மில்லி லிட்டர். அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு.

இப்பொருளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இதைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்னும் நொதி இருக்கின்றது. நஞ்சுக்கு முறிமருந்து இருப்பதுபோல, இதற்கும் ஒரு முறிமருந்து உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு ஏற்றிக்கொண்டவர்களுக்கு இல்லாத நற்பேறு இது. சுண்ணாம்புச் சத்து அடங்கிய நிரப்பு மருந்துக்கும், பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனதற்கும் இந்நொதி பயன்படாது. எந்த மருந்து என்று பெயர் கேட்டறிய வேண்டியதன் காரணம் இதுவே.

இச்சிகிச்சையை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமன்று. எச்.ஐ.வி. நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிற் பலருக்குக் கன்னம் குழிந்து, முகமே நோயைப் பிறருக்கு அறிவிக்கும் நிலை இருந்தது. அவர்களுடைய முகத்தை நிரப்புவதற்கென்றே 2004இல் அமெரிக்காவில் பாலிலாக்டிக் அமில மருந்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஆகவே ஒருவர் ஏன் விரும்புகிறார் என்பது அவருக்கே தெரியும். நான் என் தங்கையிடம், "ஏன் வேண்டும்?" என்று கடிந்துகொள்ளவில்லை. "என்ன நேரலாம் என்பதை அறிந்துகொண்டாயா?" என்றே கேட்டேன்.

சாதாரணமாக நேர்வன சில உண்டு. ஊசி பட்ட இடம் சிவக்கும், வீங்கும், கன்றிப்போகும். சில நாட்களில் பெரும்பாலும் சரியாகும். சிலருக்குச் சிறு முடிச்சுகள் தோன்றும். கிருமி தொற்றுவதும் உண்டு. சில மாதங்கள் கழித்து வீக்கம் காண்பவர்களும் உளர். முகத்தில் புண்ணோ தொற்றோ இருக்கும்போது போட்டுக்கொள்ளலாகாது. கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இது பாதுகாப்பானது என்று சோதித்தறியப்படவில்லை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும்; தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

இனி, அரிதாயினும் கொடியதான ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். முகத்தின் தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் வயலின் வாய்க்கால்களைப்போல் ஒன்றோடொன்று கலந்து ஓடுகின்றன. முகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயின் கிளைகளும், கண்ணுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் கிளைகளும் மூக்கின் மேற்பகுதியிலும் புருவ நடுவிலும் கைகோத்து நிற்கின்றன. ஊசி முனை தவறி ஒரு குழாயினுள் புகுந்து, மருந்தும் விசையோடு செலுத்தப்பட்டால், அது நீரோட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிச் சென்று கண்ணின் குழாயை அடைக்கக்கூடும். விழித்திரை இரத்தமின்றி நெடுநேரம் தாங்காது. அவ்வாறு பார்வை இழந்தவர்கள் உண்டு. மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டுப் பக்கவாதம் கண்டவர்களும் உண்டு. கண்ணுக்குச் செல்லாமல் தோலின் குழாயை மட்டும் அடைத்தால், அவ்விடத்துத் தோல் இறந்து அழுகும். மூக்கும் புருவ நடுவும் மிகுந்த ஆபத்துள்ள இடங்கள். என் தங்கைக்கோ மூக்கை எடுப்பாக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இதன் அடையாளங்களை அறிந்திருப்பது நன்று. பொறுக்கவொண்ணாத வலி, ஊசி போட்ட இடமோ அதனைச் சுற்றியோ வெளுத்துப்போதல், பின்னர் வலை விரித்தாற்போல் ஊதா நிறம் படர்தல், பார்வை மங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கலாகாது. அக்கணமே மருத்துவம் வேண்டும். தோலின் குழாய் அடைபட்டால், முறிமருந்தைக் காலம் தாழ்த்தாமல் செலுத்திப் பெரும்பாலும் காப்பாற்றலாம். கண் அடைபட்டாலோ, முறிமருந்து கொடுத்தும் பார்வை திரும்பாதவர்களே மிகுதி.

இங்கேதான் என் தங்கை வாழும் நாட்டின் நிலை எனக்கு வியப்பளித்தது. இங்கிலாந்தில் நெடுங்காலமாக இந்நிரப்பு மருந்தை மருத்துவர் அல்லாதாரும் ஊசியால் செலுத்தி வந்திருக்கின்றனர். புரூஸ் கியோ என்னும் மருத்துவர் தலைமையில் ஆராய்ந்த குழு 2013இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பேனாவோ பல் துலக்கும் தூரிகையோ வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்புக்கு மேல் இவர்களுக்கு எதுவும் இல்லை என்று அது சுட்டிக்காட்டியது. 2021 அக்டோபர் முதல் நாளிலிருந்து பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அழகுக்காக இவ்வூசி போடுவது இங்கிலாந்தில் குற்றமாயிற்று. உரிம முறையை ஏற்படுத்த அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. ஆனால் முறிமருந்தோ மருத்துவரின் சீட்டின்றிப் பெற முடியாத மருந்து. ஆகவே, அடைப்பை உண்டாக்கக்கூடிய ஊசியைப் போடுபவர் கையில் அதனை நீக்கும் மருந்து இல்லாதிருக்கலாம். பூட்டத் தெரிந்தவனிடம் திறவுகோல் இல்லை!

இவற்றையெல்லாம் சொல்லி முடித்து, என் தங்கைக்கு நான்கு கேள்விகளைக் கொடுத்தேன். போடுபவர் மருத்துவப் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டவரா? என்ன மருந்து, அதன் பெட்டியை நம் கண்முன் திறப்பாரா? முறிமருந்து அதே அறையில் இருக்கின்றதா, அதனைப் பயன்படுத்த அவர் அறிவாரா? இரவில் ஏதேனும் நேர்ந்தால் யாரை அழைப்பது? "இந்நான்கிற்கும் தெளிவான விடை வந்தால், அதன்பின் அழகைப் பற்றி யோசி" என்றேன்.

மறுவாரம் அவள் அழைத்தாள். அழகு நிலையத்தில் மூன்றாம் கேள்வியைக் கேட்டாளாம். "இதுவரையில் அப்படி எதுவும் தேவைப்பட்டதில்லை" என்று புன்னகையோடு சொன்னார்களாம். அவள் முன்பணம் கொடுக்காமலே திரும்பிவிட்டாள். பின்னர் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றாள். அவர் முறிமருந்தை எடுத்துக் காட்டினார். மூக்கைத் தொட மறுத்தார். இரண்டு வாரம் சிந்தித்துவிட்டு வருமாறு சொல்லி அனுப்பினார். அந்த இரண்டு வாரத்திற்குப் பின், வாயோரத்து மடிப்புக்கு மட்டும், திருமணத்திற்கு மூன்று மாதம் முன்னதாகவே, அவள் ஊசி போட்டுக்கொண்டாள். நலமாக இருக்கின்றாள்.

என் முகத்திலும் அதே மடிப்பு உண்டு, அவளுடையதைவிட ஆழமானது. நான் போட்டுக்கொள்ளவில்லை. மிகச் சிறியதாயினும் கண்ணை ஈடு வைக்கும் அந்த ஆபத்து, என் மடிப்புக்குத் தகாத விலையென்று எனக்குத் தோன்றிற்று. அவளுக்கு வேறு விதமாகத் தோன்றிற்று. இரண்டு முடிவும் அறிந்து செய்தவை. முகம் அவரவருடையது, முடிவும் அவரவருடையதே. ஆனால் ஊசி போடுபவரிடம் அழகைப் பற்றிக் கேட்பதற்கு முன்னர் முறிமருந்தைப் பற்றிக் கேளுங்கள். அக்கேள்விக்கு நேராக விடை சொல்லாத இடத்தில் ஒரு கணமும் அமராதீர்கள்.