255-லிருந்து கழித்தால்

ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் படம். வெளியே வெயில், முகமோ இருண்டு கிடக்கிறது. டேப்லெட்டில் படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைப் போடுகிறோம். முகம் தெளிகிறது, ஆனால் ஜன்னல் வெளுத்துப்போகிறது. மாற்றம் முகத்துக்கு மட்டும் போதும் என்றால் ஜன்னல், சுவர், தரை என்று ஒவ்வோர் இடமாக அதை அழித்துக்கொண்டே போக வேண்டும். கை பழகியவர்கள் அப்படிச் செய்வதில்லை. அந்த லேயரின் மாஸ்க்கை இன்வர்ட் செய்துவிடுகிறார்கள். மாற்றம் படம் முழுவதிலிருந்தும் ஒரு நொடியில் மறைகிறது. பிறகு வெள்ளை பிரஷ்ஷால் முகத்தில் மட்டும் தடவுகிறார்கள்.

2017-இல் ஐபேடுக்கு வந்த அஃபினிட்டி ஃபோட்டோ போன்ற செயலிகளில், ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் லைவ் ஃபில்டரும் தனக்கென ஒரு மாஸ்க்கோடுதான் பிறக்கிறது. மாஸ்க் என்பது இன்னொரு படம், கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மாற்றம் முழுதாக விழும், கறுப்பில் விழவே விழாது, சாம்பலில் பாதியோ காலோ விழும். ஒவ்வொரு பிக்சலிலும் ‘எவ்வளவு’ என்ற ஒரே கேள்விக்கான பதிலை அது எண்ணாக வைத்திருக்கிறது. எட்டு பிட் படத்தில் அந்த எண் 0 முதல் 255 வரை போகும். இன்வர்ட் என்றால் ஒவ்வோர் எண்ணையும் 255-லிருந்து கழிப்பது, அவ்வளவுதான். 255 சுழியமாகும், 40 இருந்த இடத்தில் 215 வரும். இன்னொரு முறை கழித்தால் பழைய எண்களே ஒன்றுவிடாமல் திரும்பி வரும்.

இந்தக் கழித்தலில் மாறாமல் நிற்கும் எண் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 127 ஆனது 128 ஆகும், 128 ஆனது 127 ஆகும். சரிபாதி 127.5, அது முழு எண் இல்லை. 256 சாம்பல்களும் 128 ஜோடிகளாக இடம் மாறிக்கொள்கின்றன.

மாஸ்க்கையும் அதன் தலைகீழையும் கூட்டினால் எந்தப் பிக்சலிலும் விடை முழுமையாகவே வரும். அந்த முழுமைக்காகத் திரைப்படக் கூடங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1903-இல் வெளியான ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ படத்தில் தந்தி அலுவலக ஜன்னலுக்கு வெளியே ரயில் போவது தெரியும். இரண்டு தனித்தனிக் காட்சிகள் அங்கே ஒரே ஃபிலிமில் சேர்ந்திருக்கின்றன. முதல் காட்சிக்கு மறைத்த இடமும் இரண்டாவதற்குத் திறந்த இடமும் அச்சாகப் பொருந்த வேண்டும். 1933-இல் ‘தி இன்விசிபிள் மேன்’ படத்தில் தந்திரக் காட்சிக் கலைஞர் ஜான் ஃபுல்டன் இன்னும் கடினமான வேலையை எடுத்துக்கொண்டார். கறுப்பு வெல்வெட் பின்னணியில், தெரியக் கூடாத உடற்பகுதிகளைக் கறுப்பு வெல்வெட்டால் மூடிய நடிகரைப் படம்பிடித்து, அந்த ஃபிலிமிலிருந்தே மாஸ்க்கையும் எதிர் மாஸ்க்கையும் அச்சிட்டெடுத்தார். நகரும் சட்டையோடு சேர்ந்து ஒவ்வொரு ஃபிரேமிலும் அவையும் நகர்ந்தன. ஃபிலிம் இழையளவு சுருங்கினாலும் விலகினாலும் போதும், உருவத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்துவிடும்.

கணினியில் ஃபிலிம் சுருங்காது. அப்படியானால் கோடும் விழாது என்று தோன்றும். ஆனால் விழும். ஒரு படத்தை மாஸ்க்கால் வெட்டி மேலே வையுங்கள். இன்னொரு படத்தை அதே மாஸ்க்கின் தலைகீழால் வெட்டிக் கீழே வையுங்கள். விளிம்பில், மாஸ்க் சரிபாதியாக இருக்கும் ஒரு பிக்சலைப் பாருங்கள். மேல் படம் பாதியை மூடுகிறது. கீழ்ப் படத்தின் பங்கும் பாதிதான். ஆனால் அது மூடுவது மிச்சமிருக்கும் பாதியில் பாதியை, அதாவது கால் பங்கை. இன்னொரு கால் பங்கு திறந்தே கிடக்கிறது. அடியில் வெள்ளை இருந்தால் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும், கறுப்பு இருந்தால் கறுப்புக் கோடு. எண்களைக் கூட்டினால் முழுமை வருகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வருவதில்லை! லூகாஸ்ஃபிலிமில் வேலை பார்த்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைப்பதற்கு ஒரு கணக்கும், இரண்டையும் நேராகக் கூட்டுவதற்குத் தனியாக இன்னொரு கணக்கும் இருப்பது இதனால்தான்.

அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் இந்த ஓட்டை விழாது. அங்கே மாஸ்க் வெட்டுவது படத்தை அல்ல, மாற்றத்தை. அடியில் மூலப்படம் முழுசாக இருக்கிறது. வானத்துக்கு ஒரு நிறமாற்றம், அதே மாஸ்க்கை நகலெடுத்து இன்வர்ட் செய்து நிலத்துக்கு வேறொன்று என்று போட்டால், அடிவானத்தில் இரண்டும் பாதிப் பாதி கலக்கும், வெற்றிடம் தெரியாது. மாற்றத்தைத் தனி லேயராக்கி அதற்கொரு மாஸ்க்கைக் கொடுத்ததை, படம் திருத்தும் மென்பொருள்களில் நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்பேன். ஃபோட்டோஷாப்பில் அது 1996-இல் வந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: லேயரைத் தொடாமல் படத்தையே தேர்ந்தெடுத்துவிட்டு இன்வர்ட்டைத் தட்டினால் நிறங்கள் தலைகீழாகி, நெகட்டிவ் வந்து நிற்கும்.

மாஸ்க்கைக் கையால்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. படம் தன் மாஸ்க்கைத் தானே தரும். படத்தின் கறுப்பு வெள்ளை நகலை மாஸ்க்காக்கி, கொஞ்சம் மங்கலாக்கி, இன்வர்ட் செய்தால் வெளிச்சம் கூட்டும் மாற்றம் நிழல்களில் மட்டும் போய் விழும். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் வானியல் புகைப்படக் கலைஞர் டேவிட் மாலின் 1970-களின் பிற்பகுதியில் கண்ணாடித் தகட்டில் செய்தது இதற்கு நெருங்கிய உறவு. 3.9 மீட்டர் தொலைநோக்கி எடுத்த நெகட்டிவ் தகட்டின் பின்பக்கம் ஃபிலிமை வைத்து அவர் பாசிட்டிவ் நகல் எடுத்தார். இடையிலிருந்த கண்ணாடியின் தடிமனே நகலை மங்கலாக்கியது. தகட்டையும் மங்கல் நகலையும் பொருத்தி மறுபடி பிரதி எடுத்தபோது, பெரிய பரப்பில் பரவியிருந்த வெளிச்ச வேறுபாடு தணிந்து, நுண்ணிய விவரங்கள் மேலே வந்தன. ஓரையன் நெபுலாவின் கண்கூசும் மையத்தில் புதைந்திருந்த வாயு இழைகள் அந்தப் பிரதியில் தனித்தனியாகத் தெரிந்தன. அவை தகட்டில் முதல் நாளிலிருந்தே பதிவாகியிருந்தவை.