கடைசி மூன்று ஒளியாண்டுகள்

இரண்டு நட்சத்திர மண்டலங்கள் மோதிக் கலப்பது பிரபஞ்சத்தில் அபூர்வமான சம்பவமன்று; அவ்வாறு கலக்கும்போது, ஒவ்வொன்றின் மையத்திலும் சூரியனைப்போல் பல லட்சம் மடங்கு, சில இடங்களில் பல கோடி மடங்கு கனத்துடன் வீற்றிருக்கும் கருந்துளைகளும் நெருங்கி வந்து முடிவில் ஒன்றாகிவிடும் என்பது வானநூலாரின் அனுமானம். 1980-இல் பெகல்மன், பிளாண்ட்ஃபோர்டு, ரீஸ் என்னும் மூவர் இதை ஆராய்ந்தபோதுதான் அதிலுள்ள சங்கடம் புலனாயிற்று. அருகே வரும் நட்சத்திரங்களை வீசியெறிந்து, அதனால் தம் சக்தியை இழந்து இழந்தே இவ்விரு கருந்துளைகளும் நெருங்குகின்றன; ஆனால் இடைவெளி மூன்று ஒளியாண்டு அளவுக்குக் குறுகும் தறுவாயில், எறிவதற்கு நட்சத்திரங்களே அநேகமாகத் தீர்ந்துபோகின்றன. ஈர்ப்பு அலைகளாகச் சக்தியைக் கொட்டி நெருங்கலாமே என்றால், அந்த வழி பலிப்பதற்கு அவை இன்னும் வெகு அருகில் வந்திருக்க வேண்டும். ஆக, பிரபஞ்சத்தின் ஆயுள் முழுவதும் சுற்றியும் சேராமலே போகலாம்.

இயற்கை வேறு உபாயம் எதையேனும் வைத்திருக்கிறதா என்று அறிய அந்த அலைகளையே கேட்கவேண்டும். 2015-இல் ஈர்ப்பு அலையை முதன்முதல் பதிவுசெய்த லைகோ இதற்கு உதவாது. அதன் கைகள் 4 கிலோமீட்டர் நீளமே, இந்த ராட்சத ஜோடிகளின் அலையோ ஒருமுறை எழுந்து அடங்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும். எனவே விஞ்ஞானிகள் பால்வீதியையே கருவியாக்கிக்கொண்டார்கள். அதில் சிதறிக்கிடந்து வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் பல்சார் என்னும் நட்சத்திரங்களின் ரேடியோத் துடிப்புகள், இடையே ஈர்ப்பு அலை குறுக்கிட்டால், வினாடியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு முந்தியோ பிந்தியோ வந்துசேரும். இப்பிசகு எந்த இரு பல்சார்களிடையே எவ்வளவு ஒத்திருக்கும் என்பது வானில் அவற்றுக்கிடையே உள்ள கோணத்தைப் பொறுத்தது என்று ஹெல்லிங்ஸும் டவுன்ஸும் 1983-இலேயே வகுத்துவைத்தனர்.

அந்த ஒப்புமையின் சாயல் 2023 ஜூன் இறுதியில் வெளிப்பட்டது. அமெரிக்கக் குழுவினர் 67 பல்சார்களைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்திருந்தார்கள். ஆஸ்திரேலியரும் சீனரும் தத்தம் முடிவுகளைத் தனித்தனியே வெளியிட்டார்கள். ஐரோப்பியரோடு இந்தியரும் சேர்ந்திருந்தார்கள். புணே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது தட்டுகளைக் கொண்ட நம் ரேடியோ தொலைநோக்கி தாழ்ந்த அதிர்வெண்களைக் கேட்பதில் வல்லது; விண்வெளியில் பரவிய எலெக்ட்ரான்கள் துடிப்பைத் தாமதப்படுத்துவதை அளந்து கழிப்பதற்கு அதுவே பெருந்துணை. கண்டுபிடிப்பு என்று சொல்லாமல் சான்று என்று மட்டும் சொன்ன அவர்களுடைய நிதானம் போற்றத்தக்கது.

கேட்டது ஒரு ஜோடியின் குரலன்று, எண்ணற்ற ஜோடிகளின் முழக்கம். அதுவும் பலர் எதிர்பார்த்ததைவிடச் சற்று உரத்தே ஒலிக்கிறது. ஆதிப் பிரபஞ்சத்தின் வேறு விளைவாகவும் இது இருக்கலாம் என்பாருண்டு. கருந்துளைகளே காரணம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்படியாயின், அந்த மூன்று ஒளியாண்டுகளை அவற்றில் பல எப்படியோ கடந்துவிட்டன, அவை நாம் நினைத்ததைவிடக் கனமானவை அல்லது எண்ணிக்கையில் மிகுந்தவை. எப்படிக் கடந்தன என்பதற்கும் குறிப்பு இம்முழக்கத்திலேயே உண்டு: வாயுவோ, புதிதாக வந்துசேரும் நட்சத்திரங்களோ பிடித்துத் தள்ளியிருந்தால், மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் ஓசை மங்கியிருக்கவேண்டும். அவ்வளவு தாழ்ந்த சுரத்தைப் பிரித்தறிய, இதே பல்சார்களை இன்னும் பல ஆண்டுகள் இடைவிடாமல் கவனிக்கவேண்டும்.