வெள்ளைப் புலிகளும் விரிசல் கொதிகலனும்

திருவந்திபுரத்தைத் தழுவிவரும் கெடிலம் கடலூரிலே கடலில் கலக்கிறது. அந்தக் கடலிலே 1783-இல் ஆங்கிலேயர் கப்பல்களும் பிரெஞ்சுக்காரர் கப்பல்களும் மோதிக்கொண்டன. கடல் நம்முடையது, சண்டை அவர்களுடையது! நம் பாட்டன் கரையிலே நின்று பீரங்கிப் புகையைப் பார்த்தான்.

அதே வங்கக் கடலில், 1971 டிசம்பர் 4-ஆம் நாள், விக்ராந்த் கப்பலின் தளத்திலிருந்து எட்டு சீ ஹாக் விமானங்கள் சீறிக் கிளம்பின. காக்ஸ் பஜார் அதிர்ந்தது. அடுத்துச் சிட்டகாங் அதிர்ந்தது. பறந்தவர்கள் யார்? கடற்படையின் 300-ஆம் விமான அணியினர். வெள்ளைப் புலிகள் என்பது பட்டப்பெயர். 1960 ஜூலையிலே, பிரிட்டனில் உருவான அணி அது. கடற்படையின் ஹன்சா விமானதளம் 1961-இல் பிறந்ததோ நம் கோவைச் சூலூரிலே. கோவாவுக்குக் குடிபோனது பிறகுதான். (கோவைத் தோழர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது?)

ஏடுகள் விமானியைப் பாடின. பாடட்டும், தகும்! அணித் தலைவர் குப்தாவுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. கிழக்குக் கடற்படையை நடத்திய வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர் என்பதிலே நமக்கும் ஒரு பூரிப்பு. ஆனால் கப்பலின் அடிவயிற்றிலே நடந்ததை யார் பாடினார்கள்?

1970-இலேயே விக்ராந்தின் கொதிகலன்களில் விரிசல் கண்டது. பற்றவைத்து அடைக்க முடியாத விரிசல்! புதிய நீர்க்கலங்கள் பிரிட்டனிலிருந்து வந்தாக வேண்டும், வரவில்லை. பம்பாயிலே மாதக் கணக்கில் முடங்கிக் கிடந்தது கப்பல்.

இதிலே என்ன ஆபத்து என்று நெய்வேலித் தோழனுக்கு நான் விளக்க வேண்டுமா? கொதிகலன் பக்கத்திலே நின்று வேர்த்தவனாயிற்றே அவன்! நீராவிதான் கப்பலை ஓட்டுகிறது. அதே நீராவிதான் தளத்திலுள்ள உந்துகருவியை இயக்கி, விமானத்தைக் கவண்கல்லைப்போல் வானில் வீசுகிறது. கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தால்தான் இறக்கைக்குத் தூக்கு கிடைக்கும். வேகம் குறைந்தாலோ, விமானம் கடலிலே!

1971 மார்ச்சில் அழுத்தத்தைக் குறைத்துக் கொதிகலனை மூட்டினார்கள். வேகத்துக்குக் கட்டுப்பாடு, விரிசலுக்குக் காவல்! அந்தக் கொதிகலன்களோடுதான் விக்ராந்த் போர்முனைக்குப் போயிற்று. அதை வேட்டையாட வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தருகே மூழ்கியது. விக்ராந்தோ அந்தமான் பக்கம்! தாக்குதலுக்குச் சென்ற சீ ஹாக் ஒன்றுகூட வீழவில்லை.

1983-இல் சீ ஹாரியர் வந்தது. 2016-இல் அது விடைபெற, அணிக்கு மிக்-29கே வந்தது. பழைய விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்றது, 2014-இல் உடைக்கப்பட்டது. கொதிகலனும் இரும்புக்கடைக்குப் போயிற்று. 2022-இல் அதே பெயர் தாங்கிக் கடலேறிய கப்பல் வேறு. கட்டியது பெல்பாஸ்ட்டும் அல்ல, டைன் நதிக்கரையும் அல்ல; கொச்சித் தொழிலாளியின் கை!