வீட்டுக்குப் பின்னால் ஒரு காடு

மும்பையில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களிடம் "ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள்?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மாட்டுங்கா கோயில், ஏதாவது ஒரு மால், அதுவும் இல்லையென்றால் ஜூஹு கடற்கரை. மூன்றுக்கும் நான் எதிரியல்ல. ஆனால் இந்த நகரத்தின் எல்லைக்குள்ளேயே சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காடு இருக்கிறது. மான், சிறுத்தை, இரண்டு ஏரிகள், ஈராயிரம் ஆண்டுப் பழமையான குகைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். முலுண்டில் எங்கள் சொசைட்டி மொட்டைமாடியில் நின்றால் தெரியும் பச்சை மலை அந்தக் காட்டின் முதுகுதான். லோக்கல் ரயில் டிக்கெட் விலையில் இப்படியொரு காட்டுக்குப் போய்வர முடிகிற பெருநகரம் உலகில் எத்தனை இருக்கும்?

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. இவர்களோடு என் மாமியார். மாமனார் காலமான பிறகு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டார். இரண்டு அறை வீட்டில், இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசும் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே, அவர் பேச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகளும் ஆச்சியிடம் "சாப்பிட்டாச்சா?", "தூங்கியாச்சா?" என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், காடு பார்க்கப் போனதில் எங்களுக்குக் கிடைத்த முதல் லாபம் மான் அல்ல, ஆச்சியின் வாய்தான்!

சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் முக்கிய வாசல் போரிவிலி கிழக்கில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை ஏழரை மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வாசல் பக்கம் திருவிழாக் கூட்டம் சேர்ந்துவிடும். அங்கே எல்லோரும் வரிசையில் நிற்பது சஃபாரி வண்டிக்கு. கம்பி போட்ட வண்டிக்குள் நாம், வேலிக்குள் சிங்கம். பிள்ளைகள் கேட்டால் ஒருமுறை கூட்டிப்போகலாம். என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எறும்பு பார்ப்பது மேல்.

கான்ஹேரி குகைகள் வாசலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே. சின்னப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், உள்ளே செல்லும் வண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, அதாவது கருமலை என்ற பெயர்தான் கான்ஹேரி என்று திரிந்தது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவிகள் இந்தக் கரும்பாறையைக் குடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் செய்திருக்கிறார்கள். மூன்றாம் குகையின் முகப்பில் சுமார் 23 அடி உயர புத்தர் இருபுறமும் நிற்பார். எங்கள் பிள்ளைகளுக்கோ புத்தரைவிடப் பிடித்துப்போனது தண்ணீர்தான். மழைநீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் பாறையில் வாய்க்கால் வெட்டி, குகைக்குக் குகை தொட்டி குடைந்து வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனதில் ஒரு முழுக் காலை கழிந்தது. இதே காட்டுக்குள் ஆங்கிலேயர்கள் 1860-ல் விஹார் ஏரியையும் 1879-ல் துளசி ஏரியையும் கட்டி நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோனார்கள். இன்றைய தேவையில் அது சிறு பங்குதான் என்றாலும் அந்த ஏரிகளுக்கு வரும் தண்ணீர் இந்தக் காட்டில் பெய்த மழைதான்.

மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரில் பாதைகளின் குறுக்கே உள்ளங்கை அகலச் சிலந்திகள் வலை கட்டித் தொங்கும். சின்னவன் முதலில் அலறினான், பிறகு அரைமணி நேரம் நகர மறுத்தான். கோடையில் பட்டை உரிந்து வெள்ளைவெளேரென்று நிற்கும் ஒரு மரத்துக்கு இங்குள்ளவர்கள் பேய் மரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலையே இல்லாமல் நெருப்புப்போல் பூத்து நின்ற மரத்தைப் பெரியவள் "பலாஷ்" என்று பள்ளிப் பாடத்திலிருந்து சொன்னாள். ஆச்சி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏட்டி, இது புரசுல்லா! இந்த இலையைத் தைச்சுத்தான எங்க வீட்டுக் கல்யாணத்துல பந்தி போட்டோம்" என்றார். அன்று வீடு திரும்பும்வரை பேச்சு நிற்கவில்லை. சென்னையில் ஒரு புரசைவாக்கம் இருப்பது இந்த மரத்தால்தான் என்று என் கணவர் சேர்த்துக்கொண்டார்.

கார்வியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காட்டைவிட்டு நகர முடியாது. ஏழு ஆண்டுகள் வெறும் புதராக நின்று, எட்டாம் ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் மலைச்சரிவு முழுதும் ஒரே சமயத்தில் ஊதா நிறமாகப் பூத்து, விதை விட்டு, மொத்தமாக மடிந்துபோகும் செடி அது. நம் கொடைக்கானல் நீலக்குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு, ஒரே பேரினம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு, கார்விக்கு எட்டு. காட்டுக்குள் குடியிருக்கும் வார்லி மக்கள் இதன் தண்டுகளை வரிசையாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புவார்கள். போன முறை பூத்தது 2024-ல். பெரியவளுக்கு அப்போது ஏழு வயது. அடுத்தது 2032 என்றதும் விரல் விட்டு எண்ணி, "அப்போ எனக்குப் பதினைந்து" என்றாள். பிறகு ஆச்சியைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சிக்கு எத்தனை என்று எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இனி சிறுத்தை. முலுண்ட், தாணே, போரிவிலி அன்பர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. 2018 ஜனவரியில் முலுண்ட் நானேபாடாவில் குடியிருப்புக்குள் சிறுத்தை புகுந்து ஆறு பேரைக் காயப்படுத்தியது. அந்தக் கதையை யாரோ லிஃப்டில் சொல்லக் கேட்டுவிட்டு, சின்னவன் ஒரு மாதம் இரவில் பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை. "ஒன்றும் இல்லை, பயப்படாதே" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. உண்மையைச் சொல்வதே நல்லது என்று தீர்மானித்தோம். 2018-ல் தானியங்கிக் கேமராக்கள் வைத்து எண்ணியபோது காட்டிலும் சுற்றுப்புறத்திலும் 47 சிறுத்தைகள் இருந்தன. பகலில் நாம் நடக்கும் அதே பாதையில் இரவில் அவை நடக்கின்றன. நம்மைப் பார்த்தால் ஒதுங்கிப் போவதே அவற்றின் வழக்கம். ஊருக்குள் வருவது பெரும்பாலும் நாய்க்காக. நாய் சேர்வது நாம் கொட்டும் குப்பையால். 2004-ல் காட்டை ஒட்டிய பகுதிகளில் பலர் சிறுத்தைக்குப் பலியானது பழைய அன்பர்களுக்கு நினைவிருக்கும். வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளை முன்பின் தெரியாத காட்டில் கொண்டுபோய் விடுவது ஆபத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது என்பதை ஜுன்னர் பகுதியில் செய்த ஆய்வின் மூலம் வித்யா அத்ரேயா போன்றவர்கள் பிறகு எடுத்துக்காட்டினார்கள்.

எங்கள் வீட்டு விதிகள் எளியவை. இருட்டிய பின் பிள்ளைகள் தனியாக வெளியே இல்லை. காட்டோரச் சாலையில் பேசிக்கொண்டே நடக்கவேண்டும். குப்பைப் பை வெளியே வைப்பதில்லை. கடைசி விதியைச் சின்னவன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாடி மாமியின் வாசல் பையைக்கூடத் தட்டிக் கேட்கும் அளவுக்குப் போய்விட்டான். இரவு பயம் தானாகக் குறைந்தது.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் நான் சொல்லும் இடம் மாஹிம் இயற்கைப் பூங்கா. பெயரில்தான் மாஹிம், இருப்பது தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில். சயான் ஸ்டேஷனிலிருந்து ரிக்ஷா, டாக்சி எதுவும் வரும். தலைமுறைகளாகத் தாராவியில் வாழும் நம் திருநெல்வேலிக் குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த இடம் ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைமேடு. அதன்மேல் மண் போட்டு, 1983-ல் பறவையியல் மேதை சாலிம் அலி கையால் மரக்கன்று நட்டுத் தொடங்கி, 1994-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சுமார் 37 ஏக்கர். இன்று உள்ளே நுழைந்தால் வெயில் தரையில் விழாது. ஆற்றோரம் அலையாத்தி மரங்கள், மழைக்காலத்தில் வண்ணத்துப்பூச்சிகள், சமதளப் பாதைகள். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு ஊரை மூழ்கடித்ததே, அந்த ஆறு இதுதான் என்று காட்டினால் பெரிய பிள்ளைகளுக்குப் புரியும். குப்பையிலிருந்து காடு முளைக்கும் என்பதை எங்கள் பிள்ளைகள் நம்பவே இல்லை. ஓர் இடத்தில் மழை அரித்த மண்ணிலிருந்து பழைய பிளாஸ்டிக் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் நம்பினார்கள்.

பூநாரைக்கு வருகிறேன். குளிர்காலத் தொடக்கத்திலிருந்து மே முடிய தாணே கழிமுகம் இளஞ்சிவப்பாகிவிடும். 1990-களில் சிவ்ரிச் சேற்றுக்கரையில் வரத்தொடங்கியவை, பின்னாளில் லட்சத்தைத் தாண்டின. 2015-ல் இது பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஐரோலியில் வனத்துறையின் கடலோர உயிரினப் பல்வகைமை மையத்திலிருந்து படகு விடுகிறார்கள். நேரம் கடிகாரத்தைப் பொறுத்ததல்ல, கடலைப் பொறுத்தது. நீர் வடிந்து சேறு தெரியும்போதுதான் பறவைகள் மேயும், ஓதம் ஏறினால் நவி மும்பைச் சதுப்புகளுக்குப் பறந்துவிடும். ஆகவே முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கிப் பாசியை வடித்துத் தின்னும். அந்தப் பாசியிலுள்ள சத்துதான் சிறகுக்கு நிறம் தருகிறது. குஞ்சுக்கு நிறம் சாம்பல். "அப்போ நான் பீட்ரூட் நிறைய சாப்பிட்டா?" என்று சின்னவன் கேட்டான். அன்றிலிருந்து அவன் தட்டில் பீட்ரூட் மிச்சமில்லை, அது தனிக் கதை.

ஆச்சியைப் படகில் ஏற்ற இரண்டு பேர் கைபிடிக்க வேண்டியிருந்தது. சேற்றுக்கரையில் கூட்டத்தைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "இது நம்ம கூந்தன்குளத்துக்கு வர்ற நாரைல்லா! இங்கன வந்து நிக்கி!" திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்துவருகிறார்கள். வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. இதையெல்லாம் ஆச்சி படகில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த மராத்திக் குடும்பத்துக்குப் பெரியவள் இந்தியில் மொழிபெயர்த்தாள். அவளுக்கு அந்தத் தமிழ் அவ்வளவும் புரிந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

2024 மே 20 இரவு, காட்கோபர் மேலே தரையிறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் பூநாரைக் கூட்டம் மோதி, நாற்பதுக்கு நெருக்கமான பறவைகள் இறந்து வீடுகளுக்கு நடுவே விழுந்தன. அது படம் படமாக எல்லார் கைபேசியிலும் வந்தது. பெரியவள் பார்த்துவிட்டாள். "ராத்திரியில் ஏன் பறந்தன?" என்றாள். நீண்ட பயணத்தைப் பூநாரைகள் பெரும்பாலும் இரவில்தான் செய்யும் என்றேன். இரவில் அலைகிற வேறு காரணங்களும் இருக்கலாம், மேயும் சதுப்பும் தங்கும் சதுப்பும் கட்டடங்களுக்கு நடுவே சுருங்கிவருகின்றன என்றேன். எட்டு வயதுக்குள் இவ்வளவு சொல்லவேண்டுமா என்று என் கணவர் பிறகு கேட்டார். இன்னமும் எங்களுக்குள் அதில் ஒத்த கருத்தில்லை.

கர்னாலாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்வேல் தாண்டி, கோவா நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. கட்டைவிரல்போல் நிற்கும் பாறைக் கோட்டை வரை ஏறுவது சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அந்தப் பாறையில் மலைத்தேனீ கூடுகளும் உண்டு. அடிவாரப் பாதையே போதும். துடுப்புவால் கரிச்சானை அங்கேதான் பார்த்தோம், வால் நுனியில் இரண்டு வண்டு துரத்திக்கொண்டு வருவதுபோல் பறந்தது. செம்போத்தைக் கண்ட ஆச்சி "நல்ல சகுனம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளின் நோட்டில் இப்போது தமிழ்ப் பெயர்கள் மட்டும் அறுபதுக்கு மேல்: கொண்டலாத்தி, குக்குறுவான், தவிட்டுக்குருவி... எழுத்துப் பிழையோடுதான்.

சாப்பாடு எவர்சில்வர் டப்பாவில் புளிச்சோறு. பிளாஸ்டிக் பை சலசலத்தால் குரங்கு வந்துவிடும். பளிச்சென்ற நிறத்தில் உடுப்பு வேண்டாம். நடக்கும் வேகத்தைப் பிள்ளைகள் கையில் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இருநூறு மீட்டர் என்பது எங்கள் சராசரி.

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறோம். கூந்தன்குளத்தில் படகு உண்டா என்று சின்னவன் தினமும் கேட்கிறான். "படகு என்னத்துக்குலே, திண்ணையில உக்காந்தாப் போதும்" என்கிறார் ஆச்சி.