காகிதத்தில் நிலைக்கும் முகம்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் இல்லங்களில் பெற்றோரின் படமே பெருஞ்செல்வம். என் தந்தையாரின் படம் பழுத்து மங்கக் கண்டு, பிளாட்டினப் படக்கலையைப் பயின்றேன்.

1873-இல் இங்கிலாந்தின் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்ற முறை இது. வழக்கமான வெள்ளிப் படங்களில் உருவம் ஜெலட்டின் படலத்தில் தங்குகிறது. இதிலோ உலோகம் காகித இழைகளிலேயே படிகிறது. காகிதம் உள்ளவரை படமும் உண்டு. ஆகவே காகிதத்தைப் பக்குவப்படுத்துவதே முதற்கடமை.

பருத்திக் காகிதமே சிறந்தது. ஆயினும், அது நெடுநாள் உழைக்கவென்று ஆலையில் சேர்க்கும் சுண்ணச் சத்து, நாம் பூசும் மருந்தைக் கெடுத்துவிடும். இதனை அறியாமல் நான் பூசிய முதற்றாள் பாழாயிற்று. விலையுயர்ந்த மருந்தும் வீணாயிற்று. பின்னர், நீர்த்த சல்ஃபாமிக் அமிலத்தில் குமிழிகள் அடங்கும்வரை காகிதத்தை ஊறவைத்து, நன்கு கழுவி உலர்த்தினேன்.

மங்கிய மஞ்சள் விளக்கொளியில், பெர்ரிக் ஆக்சலேட்டுக் கரைசலையும் பிளாட்டின அல்லது பல்லேடிய உப்புக் கரைசலையும் சம அளவில் கலந்து, கண்ணாடிக் கோலால் சீராகப் பூச வேண்டும். இவை நஞ்சாதலின் கையுறை இன்றியமையாதது, குழந்தைகளை அண்டவிடலாகாது. காகிதம் வறண்டிருந்தால் பூச்சு திட்டுத்திட்டாகும்; சிறிது ஈரப்பதம் வேண்டும்.

பூச்சு உலர்ந்தபின், படத்தின் அளவே உள்ள நெகட்டிவை அதன்மேல் அழுத்தி வெயிலில் காட்டினேன். பொட்டாசியம் ஆக்சலேட்டுக் கரைசலை ஊற்றிய கணமே தந்தையாரின் முகம் எழுந்தது. எஞ்சிய இரும்புச் சத்தை மெல்லிய அமிலத்தில் நீக்கிக் கழுவினேன்.

பேரனை அவர் பார்த்ததில்லை. இனி அவன் பேரனும் அவரைப் பார்க்கலாம்.